மூன்று மாற்றம் செய்தேன், டிஃப் நானூறு காட்டுகிறது: மாடல்களை நீங்கள் எப்படி ஒப்பிடுகிறீர்கள்?

#1 நீலக்கல்

எங்கள் குழுவில் ஐந்து பேர். நூலக மேலாண்மை மென்பொருள் ஒன்றுக்கு யூஎம்எல் மாடல் (மென்பொருளின் அமைப்பைப் படமாக வரைந்தது) வைத்திருக்கிறோம், கிளாஸ்கள், அதாவது பொருள் வகைகளைக் குறிக்கும் பெட்டிகள், மட்டும் 60க்கு மேல். ஜாவா நிரலின் எலும்புக்கூடு அந்த மாடலிலிருந்துதான் உருவாகிறது, அதனால் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் எங்களால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. வரைவது ஒரு வரைபடக் கருவியில். அதிலிருந்து எக்ஸ்எம்ஐ என்ற மாடல் பரிமாற்றக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் போடுகிறோம்.

போன வாரம் நான் செய்தது மூன்றே மாற்றம். "உறுப்பினர்" கிளாஸின் பெயரை "வாசகர்" என்று மாற்றினேன். அதிலிருந்த "முகவரி" என்ற பண்பை, அதாவது ஆட்ரிபியூட்டை, தாய் கிளாஸான "நபர்" கிளாஸுக்கு ஏற்றினேன். "இரவல்" கிளாஸில் "கெடுநாள்" என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன். அவ்வளவுதான். பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கிட் டிஃபைத் திறந்தால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும். சரி, இது உரைக் கோப்பு இல்லையே, மாடலுக்கென்று உள்ள கருவியில் பார்ப்போம் என்று ஈஎம்எஃப் கம்பேரில் போட்டேன். 412 வேறுபாடு. பாதி "அழிக்கப்பட்டது", பாதி "சேர்க்கப்பட்டது". என் மாற்றங்களைப் பரிசீலிக்க வேண்டிய தோழி, "இதில் நான் எதைப் பார்ப்பது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கருவியை மாற்ற வேண்டுமா, எங்கள் வேலை முறையையே மாற்ற வேண்டுமா?

#2 வேர்ச்சொல்

கருவியை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். மாடலைத் திறங்கள், எதையும் தொடாமல் ஏற்றுமதி செய்யுங்கள். மூடி மறுபடி திறந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். இந்த இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். சுழி வேறுபாடு வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் பிரச்சினை ஒப்பீட்டில் இல்லை, அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

"எல்லாம் அழிந்தது, எல்லாம் புதிதாக வந்தது" என்பதைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு உறுப்புக்கும் தரப்படும் அடையாளக் குறியான ஐடி மேல்தான் சந்தேகம்.

#3 மரக்கிளை

கிட் டிஃப் ஏன் கைவிட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைக் கிட்டின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். யூனிக்ஸ் டிஃப் பற்றி ஹண்ட்டும் மெக்கில்ராயும் அறிக்கை எழுதியது 1976இல். கிட் இயல்பாகப் பயன்படுத்தும் அல்காரிதம் மையர்ஸ் 1986இல் வெளியிட்டது. இரண்டுமே கோப்பை வரிகளின் வரிசையாகத்தான் பார்க்கின்றன. இரண்டு வரிசைகளுக்கும் பொதுவான மிக நீளமான துணைவரிசையைத் தேடுகின்றன, அதில் இல்லாதது எல்லாம் வேறுபாடு. நிரலுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நிரலை நாம் வரி வரியாகத்தான் எழுதுகிறோம்.

மாடல் வரிசை இல்லை, அது ஒரு வலை. ஒரு கிளாஸ் இன்னொன்றைக் காட்டுகிறது, அது மூன்றாவதைக் காட்டுகிறது. கோப்பில் எழுதும்போதுதான் அந்த வலையை நீட்டி மடித்து வரிகளாக்குகிறோம். ஈஎம்எஃப் (எக்லிப்ஸின் மாடலிங் கட்டமைப்பு) கோப்புகளில் ஐடி எதுவும் வைக்காவிட்டால் பெரும்பாலும் ஓர் உறுப்பை அதன் இடத்தை வைத்துத்தான் சுட்டுவார்கள், "மேலிருந்து மூன்றாவது" என்பதுபோல். நீங்கள் பட்டியலின் தலையில் ஒன்றைச் செருகினால் மூன்றாவது நான்காவதாகிவிடும், அதைச் சுட்டிய எல்லா இடங்களிலும் எண் மாறும். மாடலில் ஒரு மாற்றம், கோப்பில் ஐம்பது வரி மாற்றம். டிஃப் பொய் சொல்லவில்லை, கோப்பு உண்மையிலேயே அப்படித்தான் மாறியிருக்கிறது.

#4 நீலக்கல்

@வேர்ச்சொல் செய்து பார்த்தேன். எதையும் தொடவில்லை. 409 வேறுபாடு! அதாவது என் மூன்று மாற்றமும் அந்தக் குப்பைக்குள் புதைந்து கிடந்திருக்கிறது.

கோப்பைக் கையால் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு உறுப்புக்கும் நீளமான ஐடி இருக்கிறது, ஒவ்வொரு ஏற்றுமதியிலும் அது புதிதாகப் பிறக்கிறது. இரண்டு வருடமாக இதைத்தான் கிட்டில் போட்டுக்கொண்டிருந்தோமா என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

#5 வேர்ச்சொல்

கலங்க வேண்டாம், உங்கள் மாடல் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதன் அடையாளம்தான் தொலைந்திருக்கிறது.

இப்போது அந்த 412 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். மாடல்களை ஒப்பிடுவதில் முதல் வேலை வேறுபாடு கண்டுபிடிப்பது இல்லை. இந்தப் பக்கத்து உறுப்பு அந்தப் பக்கத்தில் எது என்று இணை சேர்ப்பதுதான் முதல் வேலை. இணை சேர்ந்த பிறகு வேறுபாட்டை எழுதுவது கிட்டத்தட்ட எந்திர வேலை: இணை இல்லாதது சேர்ந்தது அல்லது அழிந்தது, இணையின் பண்பு மாறினால் மாற்றம், பெற்றோர் மாறினால் இடமாற்றம். இணை தப்பினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்பு.

ஈஎம்எஃப் கம்பேர் இயல்பாக எப்படி நடந்துகொள்ளும் என்றால், உறுப்புக்கு ஐடி இருந்தால் அதை மட்டுமே நம்பும். ஐடி இல்லாத உறுப்புக்குத்தான் உள்ளடக்க ஒற்றுமையைப் பார்க்கும். உங்கள் கோப்பில் எல்லாவற்றுக்கும் ஐடி இருக்கிறது, ஆனால் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. பெயர் ஒன்று, ஆட்ரிபியூட் ஒன்று, உறவு ஒன்று என்றாலும் ஐடி வேறு என்பதால் அது வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடும். அதன் இணைசேர்ப்பு எஞ்சினை உருவாக்கும்போது ஐடிக்கு மூன்று தேர்வு உண்டு: இருக்கும்போது பயன்படுத்து, அதை மட்டுமே பயன்படுத்து, ஒருபோதும் பயன்படுத்தாதே. மூன்றாவதை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

#6 கோட்டுச்சித்திரம்

எனக்கு இந்த இடத்தில் ஒரு கருத்து வேறுபாடு. ஐடியை அணைத்துவிட்டு ஒற்றுமையை நம்பு என்பது ஒரு குழியிலிருந்து எழுந்து இன்னொரு குழியில் விழுவது. ஒற்றுமை என்பது ஊகம். பெயர் எவ்வளவு நெருக்கம், ஆட்ரிபியூட்கள் எத்தனை பொது, அக்கம்பக்கம் யார் என்று எடை போட்டு ஒரு மதிப்பெண் வரும், அது ஒரு வரம்பைத் தாண்டினால் இணை. அந்த வரம்பை யார் வைப்பது? எங்கள் திட்டத்தில் "புத்தகம்" கிளாஸை அழித்துவிட்டு அதே வடிவத்தில் "இதழ்" கிளாஸைச் சேர்த்தார்கள். தலைப்பு, மொழி, பதிப்பாளர் எல்லாம் இரண்டிலும் உண்டு. கருவி "புத்தகம் இப்போது இதழ் எனப் பெயர் மாறியது" என்று காட்டியது, பரிசீலித்தவரும் பெயர்மாற்றம்தானே என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். புத்தகமே காணாமல் போனது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

தவறவிட்ட இணை சத்தம் மட்டும்தான் போடும். தவறான இணை நம்மை நம்பவைத்து ஏமாற்றும். என்னைக் கேட்டால் நிலையான ஐடி தரும் கருவிக்கு மாறுங்கள், வேறு வழி எதுவும் உருப்படாது.

#7 இரவுப்பணி

பேசாமல் உரைவழி மாடலுக்கு வந்துவிடுங்கள். பிளான்ட்யூஎம்எல் மாதிரி எதிலாவது எழுதினால் வரி வரியாக இருக்கும், கிட் டிஃப் போதும், பரிசீலிப்பதும் சுலபம். நாங்கள் மாறி ஒரு வருடம் ஆகிறது, இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

#8 மரக்கிளை

@இரவுப்பணி பாதிதான் ஒத்துக்கொள்வேன். உரைவழி மாடலில் படிக்க முடியாத ஐடிக் குப்பை போய்விடும், அது பெரிய நிம்மதிதான். ஆனால் அங்கே அடையாளமே பெயர்தான். "உறுப்பினர்" என்பதை "வாசகர்" ஆக்கினால் அந்தப் பெயர் வரும் வரி எல்லாம் மாறும், டிஃப் அதைப் பெயர்மாற்றம் என்று சொல்லாது. ஆட்ரிபியூட்டை மேலேற்றினால் இங்கே ஒரு வரி போனது, அங்கே ஒரு வரி வந்தது, அவ்வளவுதான் தெரியும். பத்து கிளாஸ் என்றால் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். 60 கிளாஸ், ஐந்து பேர், இணையாக நான்கு கிளை (தனித்தனியாக வளரும் பதிப்பு) என்றால் முடியாது.

கிட்டே இதே ஊகத்தைத்தான் கோப்பு மட்டத்தில் செய்கிறது என்பதையும் கவனியுங்கள். கிட் பெயர்மாற்றத்தை எங்கும் பதிவு செய்து வைப்பதில்லை. அழிந்த கோப்பையும் புதிதாக வந்த கோப்பையும் வைத்துப் பார்த்து, இயல்பாக 50 விழுக்காடு ஒற்றுமை இருந்தால் பெயர்மாற்றம் என்று காட்டுகிறது. ஒற்றுமை வேண்டாம் என்று சொல்பவர்களும் தினமும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

#9 அகரம்7

தாமதமாக வருகிறேன், என் முனைவர் ஆய்வு இதற்குப் பக்கத்துத் துறையில் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஐடி அல்லது ஒற்றுமை என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுகிறோம். கோலோவோஸும் அவருடன் எழுதியவர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இணைசேர்க்கும் வழிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒன்று, மாறாத ஐடி. 2003இல் அலனென், போர்ரெஸ் இருவரும் மாடல்களின் வேறுபாட்டையும் ஒன்றிணைப்பையும் பற்றி எழுதியபோது இதைத்தான் அடிப்படையாகக் கொண்டார்கள். அடுத்தது கையொப்பம். ஐடி இல்லை, ஆனால் உறுப்பின் பண்புகளிலிருந்தே ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டுக்கொள்வது, "பேக்கேஜ் பெயர், கிளாஸ் பெயர், ஓபரேஷன் பெயர், பாராமீட்டர் வகைகள்" என்று கோத்து (பேக்கேஜ் என்பது கிளாஸ்களின் தொகுப்பு, ஓபரேஷன் கிளாஸ் செய்யும் செயல், பாராமீட்டர் அதற்குத் தரும் உள்ளீடு). மூன்றாவது ஒற்றுமை. நான்காவது அந்த மாடலிங் மொழிக்கென்றே எழுதிய விதிகள். ஜிங், ஸ்ட்ரூலியா 2005இல் கொண்டுவந்த யூஎம்எல்டிஃப் இந்த நான்காவது வகை. கிளாஸ் என்றால் என்ன, பேக்கேஜ் என்றால் என்ன என்று அதற்குத் தெரியும், அதனால் பெயர்மாற்றத்தையும் இடமாற்றத்தையும் பிடிக்கிறது.

நண்பர் நீலக்கல்லுக்குக் கையொப்பம் நல்ல தொடக்கம். ஏற்றுமதிக்குப் பின் ஒரு சின்ன நிரலை ஓட்டி, ஒவ்வொரு உறுப்பின் முழுப் பெயரிலிருந்து ஐடியை உருவாக்கி எழுதிவிடுங்கள். எத்தனை முறை ஏற்றுமதி செய்தாலும் அதே பெயருக்கு அதே ஐடிதான் வரும். பெயர் மாறும்போது மட்டும் உடையும். உடைந்தவை கொஞ்சம்தான் இருக்கும், அவற்றை மட்டும் ஒற்றுமையிடம் கொடுங்கள்.

ஏன் எல்லாவற்றையும் மொத்தமாக ஒற்றுமையிடம் கொடுக்கக் கூடாது என்றால், கோட்டுச்சித்திரம் சொன்ன ஆபத்து ஒன்று, கணக்கின் பளு இன்னொன்று. இரண்டு வலைகளுக்குப் பொதுவான மிகப் பெரிய பகுதியைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது என்பி கடினம், அதாவது வலை பெரிதாகும்போது நியாயமான நேரத்தில் முடிக்கும் வழி தெரியாத கணக்கு, அதனால் எல்லாக் கருவிகளும் ஏதோ ஒரு குறுக்குவழியில்தான் போகின்றன. முக்கால்வாசியை முன்கூட்டியே பூட்டிவிட்டால் மிச்சத்தில் அந்தக் குறுக்குவழி தவறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, ஏனென்றால் அக்கம்பக்கம் யார் என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது.

#10 கோட்டுச்சித்திரம்

இது எனக்குச் சரி என்று படுகிறது. முழு ஊகத்துக்குத்தான் நான் எதிரி, உறுதியான இணைகளைத் தூணாக நட்டு, நடுவில் மட்டும் ஊகிப்பது வேறு விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை: ஊகித்த இணை எது, உறுதியான இணை எது என்று பரிசீலிப்பவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் புத்தகம் அன்று காணாமல் போனதற்கு அந்தத் தகவல் திரையில் இல்லாததுதான் காரணம்.

#11 வேர்ச்சொல்

அகரம்7 சொன்னதில் இன்னொரு சின்ன எச்சரிக்கை. முழுப் பெயர் என்றால் பேக்கேஜ் பெயரும் அதில் வரும். யாராவது உச்சியில் இருக்கும் பேக்கேஜின் பெயரை மாற்றினால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கையொப்பமும் ஒரே அடியில் உடையும். அந்த மாதிரி மாற்றத்தைத் தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு தனிப் பதிவாக), வேறு எதையும் கலக்காமல் செய்யச் சொல்லுங்கள்.

வரிசையையும் பாருங்கள். உங்கள் ஏற்றுமதி ஆட்ரிபியூட்களைக் கண்டபடி கலைத்துப் போடுகிறதா? அப்படியானால் அந்த நிரலிலேயே வரிசைப்படுத்திவிடலாம் என்று தோன்றும், எல்லா இடத்திலும் அதைச் செய்துவிடாதீர்கள். ஓபரேஷனின் பாராமீட்டர் வரிசை மாறினால் அர்த்தமே மாறும். ஒரு கிளாஸின் தாய்க் கிளாஸ்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதற்கு யூஎம்எல்லில் அர்த்தம் இல்லை. எது எது என்று மாடலிங் மொழியின் விதிகளை வரையறுக்கும் மெட்டாமாடலிலேயே எழுதியிருக்கிறது, அதைக் கேட்டு நடங்கள்.

#12 நீலக்கல்

இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஐடியை முழுவதுமாக அணைத்து ஓட்டினேன்: 412, 31 ஆனது. நல்லது என்று பார்த்தால் அதில் இரண்டு இணை தவறு. "தொடக்கநாள்", "முடிவுநாள்" என்று பல கிளாஸ்களில் ஒரே மாதிரி ஆட்ரிபியூட்கள் உண்டு, அவை குறுக்கே இணைந்துவிட்டன. அப்புறம் அகரம்7 சொன்னபடி முழுப் பெயரிலிருந்து ஐடி எழுதும் நிரலை எழுதினேன், சேரல்கள் (கிளாஸ்களை இணைக்கும் கோடுகள்) பெயரில்லாமல் இருந்ததால் அவற்றுக்கு இரண்டு முனைகளின் பெயரையும் கோத்தேன். பெயர் உடைந்தவற்றின் ஐடியை மட்டும் நீக்கிவிட்டு ஒற்றுமையிடம் விட்டேன்.

எதையும் தொடாத சோதனை: சுழி.

என் மூன்று மாற்றம்: 7 வேறுபாடு. ஏன் ஏழு என்று புரிகிறது. "வாசகர்" பெயர்மாற்றம் ஒன்று. "முகவரி" பெற்றோர் மாறியது ஒன்று. "கெடுநாள்" சேர்ந்தது, அதன் வகை அமைந்தது. மிச்சம் சேரல் முனைகளின் பெயர்கள், கிளாஸ் பெயரோடு கருவியே அவற்றையும் மாற்றியிருக்கிறது. தோழி அதைப் பார்த்து நான்கு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தார். மனம் நிறைந்துவிட்டது, உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இன்னும் ஒரு கேள்வி. அந்த ஏழையும் "ஆட்ரிபியூட் மேலேற்றம்" என்பதுபோல் மனிதர் சொல்லும் சொல்லில் காட்ட வழி உண்டா?

#13 அகரம்7

உண்டு. சீகன் பல்கலைக்கழகத்தின் கெல்ட்டர் குழு சைடிஃப் என்ற ஒப்பீட்டுக் கருவியைச் செய்தது, அதன் தொடர்ச்சியாக 2011இல் கெஹ்ரர், கெல்ட்டர், டென்ட்சர் மூவரும் இதைத்தான் எழுதினார்கள். சேர்ந்தது, அழிந்தது, சுட்டு மாறியது என்ற அடிமட்டத் துண்டுகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, "இந்தக் கூட்டம் சேர்ந்தால் இந்தத் திருத்தச் செயல்" என்று உயர்த்திக் காட்டுவது. ஒவ்வொரு திருத்தச் செயலுக்கும் ஒரு விதி வேண்டும். உங்கள் குழு வழக்கமாகச் செய்வது பத்துப் பன்னிரண்டு வகை மாற்றம்தான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் எழுதினாலே முக்கால்வாசிப் பரிசீலனை படிக்கத் தக்கதாகிவிடும்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. இரண்டு மாடல் எழுத்தில் வேறாக இருந்தும் பொருளில் ஒன்றாக இருக்கலாம், எழுத்தில் ஒரே ஒரு எண் மாறி பொருள் தலைகீழாகலாம். சேரலின் முனையில் 1 என்று இருந்ததை 0..1 ஆக்கினால் டிஃபில் ஒரு வரி, ஆனால் இரவல் எடுத்தவரே இல்லாத இரவல் பதிவு இனி செல்லும். மாவோஸ், ரிங்கர்ட், ரும்பே 2011இல் கிளாஸ் வரைபடங்களுக்கும் செயல்பாட்டு வரைபடங்களுக்கும் இப்படிப் பொருளை ஒப்பிடும் வழியைக் கொடுத்தார்கள். விடையாக வருவது சாட்சி: புதிய மாடல் அனுமதித்து, பழையது அனுமதிக்காத ஒரு பொருள் அமைப்பை அப்படியே வரைந்து காட்டும். கிளாஸ் வரைபடத்தை அலாய் என்ற தர்க்க மொழிக்கு மாற்றித் தேடுகிறார்கள், ஒரு வரம்புக்குள் மட்டும் தேடுவதால் சாட்சி கிடைக்கவில்லை என்றால் வேறுபாடே இல்லை என்று அர்த்தம் ஆகாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த வேலை இதுதான், ஏனென்றால் பரிசீலிப்பவர் கேட்க நினைப்பது "எந்த வரி மாறியது?" என்பதை அல்ல, "முன்பு நடக்க முடியாத எது இனி நடக்கும்?" என்பதைத்தான்.

#14 இரவுப்பணி

0..1 உதாரணம் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் உரைவழி மாடலில் அது ஒரே வரியில் மூன்று எழுத்துக் கூடுவதுதான், நான் நிச்சயம் கண்ணை ஓட்டிவிட்டுப் போயிருப்பேன். டிஃப் சின்னதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

மெர்ஜ் (இரண்டு கிளைகளை ஒன்றாக்குவது) பற்றி யாராவது சொல்லுங்களேன், எங்களுக்கும் அது பயன்படும்.

#15 மரக்கிளை

மெர்ஜுக்கு இரண்டு கோப்பு போதாது, பொது மூதாதை வேண்டும். "முகவரி" என் பக்கம் இல்லை, உங்கள் பக்கம் இருக்கிறது என்றால் நான் அழித்தேனா நீங்கள் சேர்த்தீர்களா என்று மூதாதையைப் பார்த்தால்தான் தெரியும். ஈஎம்எஃப் கம்பேர் மூன்று வழி ஒப்பீட்டில் மோதலை இரண்டாகப் பிரிக்கிறது. இருவரும் ஒரே மாற்றத்தையே செய்திருந்தால் அது போலி மோதல், பேசாமல் விட்டுவிடலாம். ஒருவர் கிளாஸை அழிக்க இன்னொருவர் அதே கிளாஸில் ஆட்ரிபியூட் சேர்த்தால் உண்மை மோதல், மனிதர் முடிவெடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது இரண்டிலும் வராத வகை. "வாசகர்", "நபர்" இரண்டுக்கும் இன்னும் உறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் "வாசகர்" கிளாஸை "நபர்" கிளாஸின் சேய் ஆக்குகிறீர்கள். நான் என் கிளையில் "நபர்" கிளாஸை "வாசகர்" கிளாஸின் சேய் ஆக்குகிறேன். இருவரும் தொட்டது வேறு வேறு உறுப்பு, மோதல் இல்லை, மெர்ஜ் சிரித்துக்கொண்டே முடிந்துவிடும். முடிந்த பிறகு கையில் இருப்பது தனக்குத்தானே தாயான கிளாஸ். அதனால் மெர்ஜ் முடிந்ததும் மாடலைச் சரிபார்ப்பு விதிகளில் ஓட்டாமல் கமிட் செய்யவே கூடாது என்பது எங்கள் குழுவில் கட்டாயம்.

#16 கோட்டுச்சித்திரம்

படத்தின் அமைப்பையும் பிரித்து வையுங்கள். பெட்டியை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியதும் மாற்றமாக வந்தால் பரிசீலிப்பவர் எல்லாவற்றையும் சலிப்போடு தாண்டப் பழகிவிடுவார். பாப்பிரஸ் என்ற யூஎம்எல் வரையும் கருவி மாடலை ஒரு கோப்பிலும் வரைபட அமைப்பை இன்னொரு கோப்பிலும் வைப்பது இந்த விஷயத்தில் ரொம்பப் பயன்.

#17 இரவுப்பணி

எங்கள் குழுவில் ஒரு பகுதியினர் சிமுலிங்க் (பிளாக்குகளை இணைத்து அமைப்புகளை மாடலாக்கும் கருவி) பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோப்புகளைக் கிட் பைனரி (உரை அல்லாதது) என்று சொல்லி டிஃபே காட்ட மறுக்கிறது. அதற்கும் இதே ஐடி வைத்தியம்தானா?

#18 மரக்கிளை

இல்லை, அது வேறு. ஆர்2012ஏ பதிப்பிலிருந்து வந்த எஸ்எல்எக்ஸ் கோப்பு ஒரு ஜிப் பொதி, உள்ளே எக்ஸ்எம்எல். கிட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தால் பைனரிதான். பொதியை அவிழ்த்து உரையாகப் பார்க்க முயலாதீர்கள், பிளாக் நகர்ந்ததெல்லாம் வரும். சிமுலிங்க் உடனேயே மாடல் ஒப்பீட்டுக் கருவி இருக்கிறது, அதைக் கிட்டின் வெளி டிஃப் கருவியாக இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#19 நீலக்கல்

நேற்று உச்சிப் பேக்கேஜின் பெயரை ஒருவர் மாற்றினார், வேர்ச்சொல் சொன்னது அப்படியே நடந்தது, கையொப்பம் எல்லாம் உடைந்தது. நல்லவேளை தனிக் கமிட்டாகச் செய்திருந்தார். அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய பெயருக்குப் புதிய பெயர் என்று ஒரு பொருத்தப் பட்டியலை நிரலுக்குக் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

அகரம்7, திருத்தச் செயல் விதிகளில் மேலேற்றத்தை எழுதிவிட்டேன். ஒரு சேரல் கிளாஸாக மாறுவதை எழுத முயல்கிறேன், "இரவல்" கிளாஸே ஒரு காலத்தில் அப்படி வந்ததுதான். அடிமட்டத் துண்டு பதினொன்று வருகிறது, அதில் எவை கட்டாயம் எவை விருப்பம் என்று பிரிப்பதில் நிற்கிறேன். நாளை கோப்பை இங்கே இணைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.